கையெழுத்தில் பிறந்த இலாகா

சட்டம் வேறு, ஆணை வேறு என்பதை நான் உத்தியோகத்துக்கு வருவதற்கு முன்பே பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டேன். எங்கள் பிரெஞ்சு வாத்தியார் கரும்பலகையில் மூன்று சொற்களை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுவார்: லுவா, தெக்ரே, அரெத்தே. லுவா என்றால் சபை கூடி ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய சட்டம். தெக்ரே என்றால் ஜனாதிபதியோ பிரதமரோ கையெழுத்திட்டு வெளியிடும் ஆணை. அரெத்தே என்றால் மந்திரியோ கவர்னரோ மேயரோ போடுகிற உத்தரவு. மேலே இருப்பதைக் கீழே இருப்பது மீறக்கூடாது. ஒரே ஒருவர் கையெழுத்தில் வந்ததை அடுத்து வருகிறவர் அதே போல ஒரு கையெழுத்தில் எடுத்துவிடலாம். பிறகு பல வருஷம் அரசாங்க அலுவலகத்தில் ஜி.ஓ.க்களுக்கு நகல் எடுத்து, கோப்பில் கோத்து, 'முந்தைய ஆணை இதன் மூலம் ரத்து செய்யப்படுகிறது' என்ற வரியை நூற்றுக்கணக்கான தடவை தட்டச்சு செய்தபோது அந்தக் கரும்பலகை அடிக்கடி ஞாபகத்துக்கு வரும்.

2025-ல் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யு.எஸ்.எய்ட் மூடப்பட்ட செய்தி வந்தபோது, என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் கேட்டார்: "என்னப்பா இது, அறுபது வருஷத்துக்கு மேல் இருந்த இலாகா. பத்தாயிரம் பேர் வேலை செய்த இடம். பார்லிமெண்டைக் கேட்காமல் ஒருத்தர் இழுத்துப் பூட்டிவிட முடியுமா?" நியாயமான கேள்வி. பதில் சொல்ல, அந்த இலாகாவின் பிறப்புச் சான்றிதழிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஒரு சின்ன விளக்கம். அமெரிக்கர்கள் தங்கள் பாராளுமன்றத்தைக் காங்கிரஸ் என்பார்கள். நம் வாசகர்களில் பாதிப் பேருக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் காமராஜர்தான் கண்முன் வருவார் என்பதால், இங்கே பாராளுமன்றம் என்றே எழுதுகிறேன்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ஐரோப்பா இடிந்து கிடந்தபோது வந்த மார்ஷல் திட்டம் உங்களுக்குத் தெரியும். 1948 ஏப்ரலில் அதற்காக ஒரு சட்டம் நிறைவேறியது. அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு நிர்வாக அமைப்பு. தலைவராக ஸ்டூட்பேக்கர் மோட்டார் கம்பெனியிலிருந்து பால் ஹாஃப்மன் என்பவரை அழைத்து வந்தார்கள். வேலை தற்காலிகமானது, சில வருஷத்தில் முடிந்துவிடும் என்றுதான் எண்ணம். அதற்கடுத்த வருஷம், 1949 ஜனவரி 20-ஆம் தேதி, ஜனாதிபதி ட்ரூமன் பதவியேற்புப் பேச்சில் நாலாவது அம்சமாக ஏழை நாடுகளுக்குத் தொழில்நுட்ப உதவி தருவோம் என்றார். அந்த நாலாவது அம்சமே ஒரு திட்டத்தின் பெயராகிவிட்டது. நாலாவது பாயிண்ட் என்றே அப்போது டில்லியிலும் சொன்னார்கள். மேடையில் சொன்ன ஒரு வாக்கியத்திலிருந்து ஓர் இலாகா முளைத்ததை என் அனுபவத்தில் நான் பார்த்ததில்லை. வாக்கியத்தோடு நின்றுபோனவற்றை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிறகு பெயர்ப் பலகை மாற்றும் காலம். 1951-ல் ஒரு பெயர், 1953-ல் இன்னொரு பெயர், 1955-ல் ஐசன்ஹோவர் ஓர் ஆணை போட்டு அதையும் கலைத்து வேறு பெயர். கடன் கொடுப்பதற்கு 1957-ல் தனியாக ஒரு நிதி அமைப்பு. உபரிக் கோதுமையை அனுப்புவதற்கு 1954 சட்டம். அதுதான் நாம் பி.எல். 480 என்று அறிந்தது. ஒரே வேலைக்கு நாலு கதவு, நாலு சாவி.

1961-ல் கென்னடி வந்தார். பதவியேற்ற நாலாம் நாளே, ஜனவரி 24 அன்று, உணவு உதவிக்கு ஒரு இயக்குநரை வைத்து ஆணை போட்டார். மார்ச் 1-ஆம் தேதி அமைதிப் படை என்ற தொண்டர் அமைப்பை இன்னொரு ஆணையால் ஆரம்பித்தார். அதற்கான சட்டம் அதே வருஷம் பிற்பாடுதான் வந்தது. மார்ச் 22-ல் பாராளுமன்றத்துக்குச் செய்தி அனுப்பி, இந்தச் சிதறிக் கிடக்கும் உதவி அலுவலகங்களை ஒன்றாக்க வேண்டும் என்று கேட்டார். வெளிநாட்டு உதவிச் சட்டம் செப்டம்பர் 4-ல் கையெழுத்தானது.

இங்கேதான் நண்பரின் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது. அந்தச் சட்டம் எந்த இலாகாவையும் உண்டாக்கவில்லை. உதவி எதற்கு, எவ்வளவு, என்ன நிபந்தனையில் என்றெல்லாம் பக்கம் பக்கமாகச் சொல்லிவிட்டு, இந்த அதிகாரங்களை ஜனாதிபதி தாம் விரும்பும் அமைப்பு அல்லது அதிகாரி மூலம் செலுத்தலாம் என்று அதன் 621-ஆம் பிரிவில் விட்டுவிட்டது. கென்னடி நவம்பர் 3-ஆம் தேதி 10973 என்ற எண்ணுள்ள நிர்வாக ஆணையில் அந்த அதிகாரங்களை வெளியுறவு அமைச்சரிடம் ஒப்படைத்து, உமது துறைக்குள் ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தும் என்று கட்டளையிட்டார். வெளியுறவுத் துறை தன் பங்குக்கு ஓர் அதிகார ஒப்படைப்புக் குறிப்பு எழுதி நிறுவனத்தை ஏற்படுத்தியது. அதாவது பிரெஞ்சு வாத்தியாரின் கரும்பலகைப்படி பார்த்தால், லுவா வழி விட்டது, தெக்ரே கட்டளையிட்டது, அரெத்தே பெற்றெடுத்தது. உலகத்திலேயே பெரிய உதவி நிறுவனத்தின் பிறப்பு மூன்றாம் படியில்.

பிரான்சிலும் கதை ஏறக்குறைய இதுதான். இன்றைக்கு ஏ.எஃப்.டி. என்ற பெயரில் இயங்கும் பிரெஞ்சு வளர்ச்சி நிறுவனத்தின் மூலம், 1941 டிசம்பர் 2-ஆம் தேதி லண்டனில் இருந்துகொண்டு தெகோல் போட்ட ஓர் ஆணை. அப்போது அவருக்கு நாடும் இல்லை, பாராளுமன்றமும் இல்லை. தம் பக்கம் சேர்ந்த குடியேற்றங்களின் பண விவகாரத்தைப் பார்க்க ஒரு கஜானா வேண்டியிருந்தது. அப்படிச் சேர்ந்தவற்றில் நம் புதுச்சேரியும் ஒன்று. கவர்னர் பொன்வேன் 1940-லேயே தெகோல் பக்கம் சாய்ந்துவிட்டார். அந்தக் கஜானா நாலைந்து தடவை பெயர் மாறி 1998-ல் இப்போதைய பெயருக்கு வந்தது. பெயர் மாறியதே தவிர யாரும் மூடவில்லை. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

அமெரிக்கக் கதைக்கு வருகிறேன். ஜனாதிபதியின் ஒரு சீட்டு எவ்வளவு தூரம் பாயும் என்பதை என் தலைமுறை வயிற்றாலேயே அறிந்தது.

1960-ல் நேரு அரசு அமெரிக்காவோடு செய்த பி.எல். 480 ஒப்பந்தப்படி நாலு வருஷத்துக்கு ஒரு கோடியே அறுபது லட்சம் டன் கோதுமையும் பத்து லட்சம் டன் அரிசியும் வருவதாக ஏற்பாடு. ரூபாயிலேயே விலை கொடுக்கலாம். நீட்டிப்பும் சேர்த்து அது 1965 ஜூனோடு தீர்ந்தது. புது ஒப்பந்தம் வழக்கம்போல் கையெழுத்தாகும் என்று டில்லி நினைத்துக்கொண்டிருந்தது. யு.எஸ்.எய்ட் தலைவர் டேவிட் பெல்லும், விவசாய அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனும் அப்படித்தான் நினைத்தார்கள். ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் வேறு மாதிரி நினைத்தார். இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் புதிதாக எந்த உதவி தருவதானாலும் தம் மேஜைக்கு வந்து போக வேண்டும் என்று உத்தரவிட்டார். நீண்டகால ஒப்பந்தம் கிடையாது. ஒரு மாதத்துக்கு, இரண்டு மாதத்துக்கு என்று சில்லறையாக அளந்து விட்டார். அமெரிக்காவில் இந்தக் கொள்கைக்குக் குட்டைக் கயிறு என்று பெயர். மாடு கட்டத் தெரிந்த நம்மவர்களுக்கு விளக்கம் தேவையில்லை; மேய்ச்சல் எட்டும், ஆனால் கட்டியவன் நினைத்த அளவுக்குத்தான் எட்டும்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. செப்டம்பரில் பாகிஸ்தானோடு யுத்தம். யுத்தம் வந்ததும் இரண்டு நாட்டுக்கும் பொருளாதார உதவியை நிறுத்தினார்கள். லால் பகதூர் சாஸ்திரி திங்கள்கிழமை இரவுச் சாப்பாட்டை விடுங்கள் என்று நாட்டைக் கேட்டுக்கொண்டார். ஹோட்டல்களில் கூடத் திங்கள் இரவு அடுப்பு அணைந்தது. அமெரிக்காவில் கப்பல் ஏறும் கோதுமை இங்கே இறங்கிய கையோடு வாய்க்குப் போகும் நிலை. களஞ்சியத்தில் தங்க நேரமில்லை. ஒரு மாதக் கையெழுத்து இரண்டு வாரம் தள்ளிப் போனால் பம்பாயிலோ கல்கத்தாவிலோ ரேஷன் கடையில் பலகை தொங்கும்.

1965 நவம்பரில் ரோம் நகரில், உணவு விவசாய மாநாட்டுக்குப் போன இடத்தில், ஃப்ரீமனும் நம் உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியமும் தனியே உட்கார்ந்து ஓர் உடன்பாடு எழுதினார்கள். விவசாயத்துக்கு அதிகப் பணம், உரத் தொழிலில் வெளிநாட்டு முதலீட்டுக்கு இடம், புது ரக விதை. டிசம்பர் தொடக்கத்தில் சுப்பிரமணியம் இதையே இந்திய அரசின் சொந்தக் கொள்கையாக லோக்சபாவில் அறிவித்தார். பொய்யில்லை, அதில் முக்கால்வாசி அவரே ஒரு வருஷமாகச் சொந்த மந்திரிசபையில் போராடிக் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஜான்சன் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினார். டிசம்பர் 17 தேதியிட்டு 339 என்ற எண்ணில் தேசியப் பாதுகாப்புக் குறிப்பாணை ஒன்று வெளியானது. தலைப்பே இந்தியாவின் உணவு நெருக்கடி. தானியத்தை எப்படி வேகமாகக் கப்பலேற்றுவது, நம் துறைமுகங்களில் எப்படி வேகமாக இறக்குவது என்று பார்க்கச் சொல்லி ஃப்ரீமனுக்கு உத்தரவு. யோசித்துப் பாருங்கள்: ஆறு மாதம் தடுத்து நிறுத்தியதும் அதே மேஜைதான், அவசரம் என்று விரட்டியதும் அதே மேஜைதான். இடையில் எந்தச் சட்டமும் மாறவில்லை.

1966 மார்ச்சில் இந்திரா காந்தி வாஷிங்டன் போனார். ஜூன் 6-ல் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார். ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 பைசா என்றிருந்தது 7 ரூபாய் 50 பைசா ஆயிற்று. ஜூலையில் மாஸ்கோ போன இடத்தில் வியட்நாமில் குண்டு வீச்சை நிறுத்தச் சொல்லும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார். ஜான்சனுக்கு அது பிடிக்கவில்லை. பீகாரில் வறட்சி முற்றிக்கொண்டிருந்த அந்த இலையுதிர் காலத்தில் மறுபடியும் கயிறு இறுகியது. அதிகாரிகள் தேவை உண்மை என்றார்கள், அவர் தாமே ஆள் அனுப்பிப் பார்க்கச் சொன்னார். பார்த்துவிட்டு வந்தவர்களும் உண்மை என்றார்கள். டிசம்பர் கடைசியில்தான் அடுத்த தவணை. இத்தனைக்கும் அந்த 1966-ஆம் வருஷம் மட்டும் இந்தியா இறக்குமதி செய்த தானியம் சுமார் ஒரு கோடி டன். பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை.

எனக்கு அப்போது பதினைந்து வயசு. அரிசிக்குப் பழகிய எங்கள் வீட்டில் கோதுமையை என்ன செய்வதென்றே தெரியாது. ஊறவைத்து இடித்துக் கஞ்சியாகக் காய்ச்சினார்கள். என் பாட்டி அதைத் தொடவே மாட்டார். மாட்டுக்குக் காய்ச்சுவது போல இருக்கிறதென்று தட்டை நகர்த்திவிட்டு வெறும் மோர் குடித்துப் படுத்துக்கொள்வார். பள்ளிக்கூடங்களுக்கு வந்த பால்பவுடர்ப் பைகளில் இரண்டு கை குலுக்கும் படம் இருக்குமே, அதை என் வயசுக்காரர்கள் மறந்திருக்க முடியாது. அந்தக் கைகளுக்குப் பின்னால் மாதாமாதம் ஒருவர் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது. பின்னாளில் புத்தகங்களில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஜான்சன் செய்தது சரியா என்று இன்றும் சரித்திரக்காரர்கள் சண்டை போடுகிறார்கள். குட்டைக் கயிறு இல்லாவிட்டால் பசுமைப் புரட்சி தாமதமாகியிருக்கும் என்று ஒரு கட்சி. என் அபிப்பிராயம் வேறு. மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை இறக்குமதி செய்யும் துணிச்சல் சுப்பிரமணியத்தினுடையது. ரோமுக்குப் போவதற்கு முன்பே அவர் மனத்தில் இருந்தது. ஒரு நாட்டின் சோற்றை வியட்நாம் பற்றிய பேச்சோடு முடிச்சுப் போட்டதை எந்தப் புரட்சிக் கணக்கிலும் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. பாவம் சுப்பிரமணியம், 1967 தேர்தலில் கோபிச்செட்டிபாளையத்தில் தோற்றுப்போனார். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற கோஷத்தின் முன்னால் கோதுமை விதை எடுபடவில்லை. 'பசுமைப் புரட்சி' என்ற பெயரையே 1968 மார்ச்சில் ஒரு பேச்சில் முதலில் சொன்னவர் அப்போதைய யு.எஸ்.எய்ட் தலைவர் வில்லியம் காட் என்பது ஒரு வேடிக்கை.

அடுத்து வந்த நிக்சன் 1971 டிசம்பரில், வங்கதேச யுத்தம் மூண்ட சில நாட்களுக்குள், இந்தியாவுக்கு ஒதுக்கியிருந்த 8 கோடியே 76 லட்சம் டாலர் உதவியை நிறுத்தி வைத்தார். இந்திரா காந்தியும் சளைக்கவில்லை. 1973-ல் டில்லியில் இருந்த யு.எஸ்.எய்ட் அலுவலகம் மூடிக்கொண்டு போனது, திரும்ப வர ஐந்து வருஷம் ஆயிற்று. கோதுமைக்கு நாம் கொடுத்த ரூபாய் நோட்டெல்லாம் அமெரிக்கக் கணக்கில் மலை போல் குவிந்திருந்ததல்லவா, அதில் 1,664 கோடி ரூபாய்க்கு 1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் மொய்னிஹன் ஒரே செக் எழுதி நம் அரசிடம் திருப்பிக் கொடுத்தார். உலகத்திலேயே பெரிய செக் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. செக்கைப் பதிவேட்டில் ஏற்றிய குமாஸ்தா சுழியங்களை எத்தனை தடவை எண்ணிப் பார்த்திருப்பார்!

கார்ட்டர் காலத்தில் ஒரு வினோதம். 1979-ல் யு.எஸ்.எய்டுக்கு மேலே குடை போல இன்னொரு வளர்ச்சி ஒத்துழைப்பு நிறுவனத்தை ஏற்படுத்தினார்கள். ரீகன் வந்த பிறகு அதற்குத் தலைவரைக் கூட நியமிக்கவில்லை. யு.எஸ்.எய்ட் தலைவரே அதற்கும் பொறுப்பு. நாற்காலி, மேஜை இல்லாமல் காகிதத்தில் மட்டும் இருபது வருஷம் வாழ்ந்த இலாகா அது. இதைப் படித்துச் சிரிக்காத ஓய்வு பெற்ற அரசு ஊழியர் இருக்க மாட்டார்.

சிரிக்க முடியாத விஷயம் 1984-ல் ஆரம்பித்தது. மெக்சிகோ நகரில் நடந்த ஐ.நா. மக்கள்தொகை மாநாட்டில் ரீகன் அரசு ஒரு கொள்கையை அறிவித்தது. கருக்கலைப்புக்கு அமெரிக்கப் பணத்தைச் செலவிடக்கூடாது என்று 1973-லேயே சட்டம் இருந்தது. புதுக் கொள்கை அதற்கு மேலே போனது: அமெரிக்காவிடம் குடும்பக் கட்டுப்பாட்டுப் பணம் வாங்கும் வெளிநாட்டுச் சங்கம் எதுவும், வேறு இடத்தில் வாங்கிய சொந்தப் பணத்தில் கூட, கருக்கலைப்பு செய்யவோ அதற்காக வாதாடவோ கூடாது. இதற்காகப் பாராளுமன்றம் எதையும் நிறைவேற்றவில்லை. யு.எஸ்.எய்ட் தன் மானிய ஒப்பந்தப் படிவத்தில் ஒரு ஷரத்தைச் சேர்த்தது, அவ்வளவுதான். ஆப்பிரிக்காவிலோ ஆசியாவிலோ ஒரு சின்ன மருத்துவமனையின் காரியதரிசி அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் பணம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத் தேதி வாரியாகப் பார்த்தால் ஊஞ்சல் ஆடுவது தெரியும். 1993 ஜனவரி 22, கிளிண்டன் ஒரு குறிப்பாணையில் அதை எடுத்தார். 2001 ஜனவரி 22, ஜார்ஜ் புஷ் திரும்ப வைத்தார். 2009 ஜனவரி 23, ஒபாமா எடுத்தார். 2017 ஜனவரி 23, டிரம்ப் வைத்ததோடு, குடும்பக் கட்டுப்பாட்டைத் தாண்டி எல்லாச் சுகாதார உதவிக்கும் அதை விரித்தார். 2021 ஜனவரி 28, பைடன் எடுத்தார். 2025 ஜனவரி 24, டிரம்ப் மறுபடி வைத்தார். எல்லாமே பதவியேற்ற முதல் பத்து நாளுக்குள். ஜனவரி 22 என்ற தேதிக்கும் அர்த்தம் உண்டு: 1973-ல் அதே தேதியில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பை அளித்தது. அவர்கள் ஊர் வழக்குக்கு அவர்கள் ஊர்க்காரர்களுக்குக் காட்டும் சமிக்ஞை. அடி விழுந்த இடம் வேறு. கென்யாவின் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் 2001-க்குப் பிறகு அந்த ஷரத்தை ஏற்கவில்லை. பணம் நின்றது, ஏழைகள் வந்துபோன சில மருத்துவமனைகளை மூட வேண்டியதாயிற்று. அங்கே கருத்தடை மாத்திரை வாங்கிக்கொண்டிருந்த பெண்கள் எங்கே போவார்கள்? ஆப்பிரிக்காவில் 20 நாடுகளின் கணக்கை எடுத்துப் பார்த்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், இந்தக் கொள்கை அதிகம் பாதித்த நாடுகளில் கருக்கலைப்பு கூடியதாக 2011-ல் எழுதினார்கள். கருக்கலைப்பு பற்றி அவரவர்க்கு ஒரு தர்மம் இருக்கும், அதற்குள் நான் போகவில்லை. நாலு வருஷமோ எட்டு வருஷமோ ஒருமுறை விதி தலைகீழாகும் இடத்தில் ஒரு டாக்டரோ நர்ஸோ எப்படி ஒரு மருத்துவமனையை நடத்துவார் என்பதுதான் என் கவலை.

ஆணையில் பிறந்த யு.எஸ்.எய்டுக்குச் சட்டத்தில் பெயர் ஏறியது 1998-ல். அதுவும் அன்பினால் அல்ல. செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் வெளியுறவுக் குழுத் தலைவராக இருந்து அந்த நிறுவனத்தைக் கலைத்து வெளியுறவுத் துறையில் கரைக்க வருஷக்கணக்காகப் பாடுபட்டார். கடைசியில் சமரசம். ஆயுதக் கட்டுப்பாட்டு அலுவலகமும் செய்தி விளம்பர அலுவலகமும் பலியாயின. யு.எஸ்.எய்ட் தப்பியது, ஜனாதிபதி அப்போது சமர்ப்பிக்கும் மறுசீரமைப்புத் திட்டத்தில் கலைக்காவிட்டால், நிர்வாகத்துக்குள் இப்படியொரு நிறுவனம் இருக்கிறது என்று சட்டத்தில் எழுதினார்கள். கிளிண்டன் கலைக்கவில்லை. ஆக, பிறந்து 37 வருஷம் கழித்து லுவா கிடைத்தது.

சட்டத்தோடு பிறந்த திட்டம் எப்படி நிற்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். 2003 ஜனவரியில் புஷ், எய்ட்ஸ் நோய்க்கு ஐந்து வருஷத்தில் 1,500 கோடி டாலர் தருவோம் என்று அறிவித்தார். அதே மே மாதம் அதற்கென்று தனிச் சட்டம் நிறைவேறியது. இரண்டு கட்சியும் ஓட்டுப் போட்டது. பிறகு வந்த ஜனாதிபதிகள் அதை எளிதில் தொடவில்லை. ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கானோர் உயிரோடு இருப்பது அந்த மாத்திரையால்.

ஒபாமா காலத்தில் இன்னொரு வகைக் காகிதம் வந்தது. 2010 செப்டம்பர் 22 அன்று உலக வளர்ச்சி பற்றிய ஜனாதிபதிக் கொள்கைக் கட்டளை ஒன்றில் கையெழுத்திட்டார், எண் 6. வளர்ச்சி உதவி என்பது ராணுவத்துக்கும் ராஜதந்திரத்துக்கும் சமமான மூன்றாவது கால் என்றும், யு.எஸ்.எய்டைத் தலைநிமிரச் செய்வோம் என்றும் அதன் சுருக்கத்தைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார்கள். முழு வாசகத்தைக் கொடுக்கவில்லை. இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ராணுவ ரகசியம் என்று முத்திரை குத்திய காகிதம் அல்ல அது. பஞ்சத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உதவுவது எப்படி என்று சொல்லும் காகிதம்! ஒரு பொதுநல அமைப்பு, தகவல் சட்டத்தின் கீழ் கேட்டது. ஜனாதிபதியின் அந்தரங்கக் கடிதப் போக்குவரத்து என்று சொல்லி மறுத்தார்கள். கோர்ட்டுக்குப் போனது. 2013 டிசம்பரில் நீதிபதி எல்லன் ஹூவெல், துறை துறையாகப் போய் அமலாகிக்கொண்டிருக்கும் கட்டளையை அந்தரங்கம் என்று ஒளிக்க முடியாது என்று தீர்ப்பளித்தார். நம் ஊரில் தகவல் உரிமைச் சட்டம் வந்த 2005-க்குப் பிறகு கடைசி வருஷங்களில் நானும் எத்தனையோ மனுக்களுக்குப் பதில் எழுதியவன். விசேஷமாக ஒன்றும் இல்லாத காகிதத்தைத்தான் மேலதிகாரிகள் அதிக உறுதியோடு மறைப்பார்கள் என்பது கடல் கடந்தும் உண்மை போலிருக்கிறது. அந்தக் கட்டளையோடு ஆரம்பித்த வேலைகளில், பட்டினி ஒழிப்புத் திட்டத்தை மட்டும் 2016-ல் ஒரு சட்டமாக்கினார்கள். மற்றவை காகிதத்தோடு போயின.

இப்போது 2025. ஜனவரி 20, பதவியேற்ற நாள், டிரம்ப் 14169 எண்ணுள்ள ஆணையில் வெளிநாட்டு வளர்ச்சி உதவி முழுவதையும் மறுபரிசீலனைக்காக 90 நாள் நிறுத்தினார். 24-ஆம் தேதி வெளியுறவுத் துறை, நடந்துகொண்டிருக்கும் வேலையையும் நிறுத்தச் சொல்லித் தந்தி அனுப்பியது. பாதி வழியில் நின்ற லாரி, பாதி போட்ட கிணறு எல்லாம் அப்படியே. கூச்சல் எழுந்ததும் 28-ஆம் தேதி, உயிர் காக்கும் உதவிக்கு விலக்கு என்று இன்னொரு காகிதம். ஆனால் விலக்கைப் படித்துப் பட்டுவாடா செய்ய வேண்டிய ஊழியர்களை அதற்குள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும்: உத்தரவு இருக்கிறது, பில் பாஸ் பண்ண ஆள் இல்லை என்றால் உத்தரவே இல்லை என்றுதான் பொருள். துறைமுகங்களிலும் கிடங்குகளிலும் சுமார் 49 கோடி டாலர் பெறுமான உணவு கெட்டுப்போகும் ஆபத்தில் இருக்கிறது என்று பிப்ரவரி 10-ல் அந்த நிறுவனத்தின் சொந்தத் தணிக்கை அதிகாரியே அறிக்கை கொடுத்தார். மறுநாள் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். 1985-லிருந்து உலகத்தில் எங்கே பஞ்சம் வரப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்லிவந்த எச்சரிக்கைப் பிரிவின் இணையதளம் இருண்டது.

பிப்ரவரி 3-ஆம் தேதி ஊழியர்களைத் தலைமை அலுவலகத்துக்கு வரவேண்டாம் என்றார்கள். வெளியுறவு அமைச்சர் ரூபியோ தாமே தற்காலிகத் தலைவர் என்றார். அந்த வாரத்திலேயே கட்டடத்தின் முகப்பிலிருந்து பெயர் எழுத்துக்களைப் பிடுங்கினார்கள். மார்ச் 10-ல் நூற்றுக்கு 83 திட்டங்கள் ரத்து என்று அறிவிப்பு. சுமார் 5,200 ஒப்பந்தங்கள். ஏற்கெனவே முடித்துக் கொடுத்த வேலைக்கான சுமார் 200 கோடி டாலர் பாக்கி விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. மார்ச் 5-ல் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் அரசின் கோரிக்கையைத் தள்ளினார்கள். செய்த வேலைக்குக் கூலி கொடு என்பதற்கே ஒரு ஓட்டு வித்தியாசம்.

என் நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான். 1998 சட்டம் இலாகா இருக்கிறது என்று சொல்கிறது. பணம் ஒதுக்கும் சட்டங்கள், மாற்றி அமைப்பதானால் முன்கூட்டிப் பாராளுமன்றத்தைக் கலந்து பேசு என்கின்றன. ஆகவே சட்டப்படி ஒருவர் மூடிவிட முடியாது என்பது ஒரு சாராரின் வாதம். ஆனால் ஆட்களை எடுத்து, கட்டடத்தை எடுத்து, ஒப்பந்தங்களை ரத்து செய்து, கணக்கை வேறு துறைக்கு மாற்றிய பிறகு, இலாகாவுக்குச் சட்டத்தில் இருக்கும் ஒரு வரியைத் தவிர வேறென்ன மிச்சம்? அந்த வரியைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டியவர்கள் பாராளுமன்றத்தில் பெரும்பான்மையாக இருப்பவர்கள், அவர்கள் கேட்கவில்லை. நண்பர் விடவில்லை. "அப்போ சட்டம் எதுக்கு?" என்றார். "கோர்ட்டுக்குப் போகிறவனுக்கு" என்றேன். சில வழக்குகளில் கிடைத்தும் இருக்கிறது.

2025 ஜூலை 1-ஆம் தேதி முதல் வெளிநாட்டு உதவி வேலையை யு.எஸ்.எய்ட் நிறுத்திக்கொண்டது, மிச்சமிருந்த திட்டங்கள் வெளியுறவுத் துறைக்குப் போயின. 1961-ல் எந்தத் துறைக்குள் ஏற்படுத்தச் சொல்லிக் கென்னடி எழுதினாரோ அதே துறை. கென்னடி கையெழுத்திட்ட வெளிநாட்டு உதவிச் சட்டத்தை யாரும் ரத்து செய்யவில்லை. 621-ஆம் பிரிவும் அப்படியே இருக்கிறது. விரும்பிய அமைப்பு மூலம் ஜனாதிபதி செய்யலாம்.